நடக்கவைத்தவர்கள்

“எங்கம்மா பேரை அந்த லிஸ்ட்ல போடுங்க சேர்.”

வீட்டு ஆளுக்கென்று டொக்டரிடம் எதையும் கேட்கக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைமைக் கிளார்க் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கேட்டால் ஊரே பேசுமாம். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான் தனுஜா. இன்று காலையில் அம்மா நாகலெட்சுமி, முனகல் பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கேட்காமலிருக்கச் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்த்த பிறகு எது கூடாது?

மதுரன் டொக்டர் கம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். இனிக் குணமாகாதவர்கள், வலியையாவது தணிக்க வீட்டுக்கே நேர்சையும் மோர்பினையும் அனுப்பவேண்டியவர்கள் யார் யார் என்று நோயாளர் பதிவுகளைத் துழாவி மாதாமாதம் அதுவே பெயர்களைப் பொறுக்கித் தரும். நாகலெட்சுமியை அது தொடவேயில்லை.

“கர்ப்பப்பை கேன்சர், முத்திட்டுது. சரி. ஆனா நாலு மாசமா கிளினிக்குக்கு நடந்து வாறாங்கன்னு இருக்கே. நடமாடுறவங்களை இது எடுக்காது.”

“அம்மா கக்கூசுக்கே நடக்கிறதில்ல சேர்.”

“அப்ப இங்க வந்தது யாரு?”

தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து யார் டவுனுக்கு இறங்கினாலும் லயத்து வரிசை வீடுகளின் கிளினிக் கொப்பிகளெல்லாம் அவர்கள் பையில் ஏறிவிடும். படுத்துக் கிடப்பவர்களை அந்த இறக்கத்தில் யார் தூக்கி வருவது? ஆளைக் காணாமல் மருந்தும் கிடையாது. அதனால் கொப்பிகளை வாங்கி, கம்பியூட்டரில் ‘வந்தார்’, ‘நடமாடுகிறார்’ என்ற இரண்டு கட்டங்களையும் தனுஜாவே அழுத்திவிடுவாள். “நம்ம புள்ள உள்ள இருக்கப்போய் பொழைச்சோம்” என்று லயமே சொன்னது. அம்மாவின் கொப்பியும் அதில் ஒன்று. சுருண்டு கிடந்தவர்களை மாதாமாதம் மலையிறக்கி நடக்கவைத்தவள் அவள்தான்.

“நாந்தான் சேர் அழுத்தினேன். எல்லாருக்கும்.”

டொக்டர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மாவோடதை மட்டும் திருத்துவோம். கை தவறிப் பட்டுடுச்சுன்னு எழுதுங்க. மத்ததை வெளிய விட்டா வேலை போயிடும். தோட்டத்துலேர்ந்து படிச்சு வந்த புள்ள நீங்க.”

“படிச்சு வந்து கிழிச்சதைத்தான் பாக்குறீங்களே.”

“கோவப்பட்டு என்ன ஆகப்போகுது, தனுஜா?”

“பதினோரு பேர் சேர். பொன்னையா மாமாவுக்கு கேன்சர் முதுகெலும்புக்கும் ஓடிட்டுது. அழகம்மா பெரியம்மா படுக்க முடியாம உக்காந்தே தூங்குது. அவங்க மருமக நேத்தும் என்கிட்ட கொப்பியைத் தந்துட்டு, கையைப் புடிச்சுக் கும்பிட்டுட்டுப் போறா.”

தனுஜா அவர் மேசையிலிருந்த தாளை இழுத்து, பதினொரு கிளினிக் நம்பர்களையும் மனப்பாடமாக எழுதினாள். அம்மாவுடையது ஏழாவதாக வந்தது. பொய்யாகப் பதிந்தது நானே என்று கீழே எழுதி, முழுப்பெயர் போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

“இதை நான் வாங்கினா, பிறகு திருப்பித் தர ஏலாது.”

“பதினோரு வீட்டுக்கும் ஆள் அனுப்புங்க. எங்கம்மாவுக்கு மட்டும்னா வேணாம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. வலி அம்மாவுடையது, வேண்டாம் என்று சொல்ல இவள் யார்? ஆனாலும் தாளைத் திரும்ப எடுக்கக் கை நீளவில்லை. டொக்டர் அதை எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினாள்.

மழை விட்டிருந்தது. அம்புலன்ஸ் டிரைவர் சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். செம்மண் தண்ணீர் முற்றம் முழுக்கப் பரவிப் பள்ளம் பார்த்து ஓடியது. தனுஜா சுற்றிப் போகவில்லை. செருப்போடு அதற்குள் இறங்கி, லயத்துக்குப் போகும் ஏற்றப் பாதையைப் பார்த்து நடந்தாள்.