மூடி பொருந்த வேண்டும்

குப்பை வண்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தொட்டியின் மூடி பொருந்தியிருக்க வேண்டும். நாலு விரல் திறந்திருந்தாலும் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு அடுத்த செவ்வாய்தான். மாமனார் படுத்த படுக்கையான பிறகு அவள் வீட்டுத் தொட்டியில் மூன்று சீட்டுகள் ஒட்டியாயிற்று. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவு குப்பையா என்று எதிர்வீட்டு வாத்தியாரம்மா தெருவுக்கே கேட்கும்படி வியந்தாள். எல்லாம் டயப்பர் என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது?

அதன் பிறகு டயப்பர் குறைய ஆரம்பித்தது. நாளுக்கு ஆறு என்பது நாலாகி, மூன்றானது. சொன்னால் பாவம், முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் கட்டிலருகே இருந்த தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. காலையில் நிரப்பியது மாலையிலும் கழுத்துவரை அப்படியே நின்றது. தண்ணீர் குறைந்தால் மறுபடி சிறுநீரில் கிருமி, மறுபடி காய்ச்சல், இந்த முறை உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கேட்டால், தாகமில்லை என்றார் மாமனார். இடுப்புக்குக் கீழேதான் அவருக்கு விழுந்துபோயிருந்தது. காதும் ரோஷமும் நன்றாகவே இருந்தன. வாத்தியாரம்மாவின் பேச்சு காதில் விழுந்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். எத்தனை டயப்பர் வந்தாலும் மூடி பொருந்தும் என்று தெரிந்தால் மனுஷன் குடிப்பார்.

கணவன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். திரைச்சீலை தைத்துப் பிழைப்பவளுக்கு அளவெடுக்கத் தெரியும், ஆணியடிக்கத் தெரியாது. இருந்தாலும் பழைய கட்டிலைப் பிரித்து ஒரு மரச்சட்டம் கட்டினாள். அடிப்பலகைமேல் தொட்டி, தலைக்குமேல் குறுக்குக் கட்டை. தொட்டியின் வாய்க்குள் இறங்குகிற அளவில் ஒரு பலகை. பலகைக்கும் கட்டைக்கும் நடுவில், காரைத் தூக்குகிற திருகு ஜாக்கி. ஜாக்கி விரிய விரியப் பலகை குப்பையை அமுக்கிக்கொண்டு கீழே இறங்கும். முதல் நாள் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு கட்டை பெயர்ந்து வந்தது. மறுநாள் போல்ட் போட்டாள். மூன்றாம் நாள் தொட்டிக்குள் ஒரு முழம் இடம் கிடைத்தது. வீட்டைச் சுற்றி மேடுபள்ளம் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், மாமனாரின் ஜன்னலடி. அங்கேயே நிறுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை வண்டி மறுபேச்சில்லாமல் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனது. ஓடிப்போய் மாமனாரிடம் சொன்னாள். நல்லது என்றார். பாட்டில் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும். அன்றைக்கு அவர் உதட்டில் வெடிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மா சொன்னதற்காகவா இப்படி உடம்பைக் காயப்போடுகிறீர்கள் என்று கேட்டே விட்டாள்.

"அந்தம்மா கிடக்கட்டும்," என்றார். "நீ தினம் அதைத் திருகுற. கிறீச் கிறீச்சுன்னு தலைமாட்டிலேயே கேக்குது. நடுவுல நீ ஒரு பெருமூச்சு விடுற பாரு, அதுதான் தொண்டையில தண்ணிய இறங்க விடமாட்டேங்குது."

பெருமூச்சா விட்டோம்? விட்டிருப்போம். அதில் அலுப்பு இருந்ததா என்று தனக்குள்ளேயே தேடினாள். இருந்தது. ஒரு நாள் கோபம்கூட இருந்தது. ஊர் வாயை மூடத்தான் இந்தப் பாடு என்று நினைத்திருந்தாளே, அவர் அஞ்சியது அவள் ஒருத்திக்கு மட்டும் என்பது எப்படித் தெரியாமல் போயிற்று? அலுப்பே இல்லை என்று பூசி மெழுகலாம். அவர் நம்பமாட்டார்.

"கஷ்டமாத்தான் இருக்கு மாமா," என்றாள். "ஆனா நீங்க மறுபடி ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா எனக்குப் பெருமூச்சு விடக்கூட நேரம் இருக்காது."

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, ஜாக்கிக்குக் கிரீஸ் போட்டாளா என்று விசாரித்தார். போடவில்லை என்றாள்.

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன் வீட்ல கிரீஸ் காணாத ஜாக்கி. வெளியில சொல்லிடாதே."

அடுத்த நாள் காலை கிரீஸ் போட்டாள். அதோடு நிற்காமல், திரைச்சீலை மாட்டுகிற இரும்புக் குழாய் ஒன்றை ஜாக்கியின் கைப்பிடியில் செருகிக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பிகளுக்கிடையே உள்ளே விட்டு வளைவாக ஒரு பிடி வைத்தாள். தலையணைகளை அண்டக்கொடுத்து அவரை நிமிர்த்தினாள். அவர் பிடித்துப் பார்த்தார். இது என்ன ஸ்டியரிங்கா, ஆட்டுக்கல்லா என்று அவளுடைய வேலையைக் கிண்டலடித்தார். பிறகு திருக ஆரம்பித்தார். வெளியே பலகை இம்மி இம்மியாக இறங்குவதை அவள் தொட்டி பக்கத்தில் நின்று பார்த்து, "இன்னும், இன்னும்" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தாள். சத்தமே இல்லை. உள்ளேயிருந்து கேட்ட பெருமூச்சு அவருடையது.

"போதும் மாமா, இனிமே மூடி பொருந்திடும்."

அவள் உள்ளே வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை. அவள் எதையும் எடுத்து நீட்டவில்லை. அவராகவே பாட்டிலை எட்டி எடுத்து, கடகடவென்று பாதிக்குமேல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு உனக்கு ஒண்ணு ரெண்டு டயப்பர் கூடத்தான் வரும்," என்றார். "பரவாயில்ல, நான் அமுக்கிக்கறேன்."