பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால்

பெட்ரோல் பம்ப்பை மாற்றிய மறுநாளே டாக்சி ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. இறங்கும்போதே டிரைவரின் முகம் சரியில்லை.

“ஏம்மா, வண்டி பெட்ரோலைத் தண்ணியா குடிக்குது. ஏறுறவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்குறாங்க.”

தையற்கடையை மூடிவிட்டு, மெக்கானிக் வேலை கற்று, அண்ணி சொந்தமாக ஷெட் போட்ட பிறகு வந்த முதல் வண்டி அது. டாக்சி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் இந்த டிரைவரின் வாயைத்தான் பார்ப்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

“மதியம் வரைக்கும் பாரு. முடியலேன்னா வேற இடம் பாத்துக்கிறேன். ஸ்டாண்டுல கேட்டா நடந்ததைத்தான் சொல்லுவேன்.”

“தாராளமா சொல்லுங்கண்ணே. முதல்ல உக்காருங்க.”

அவர் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணி சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்தாள். கன்னங்கரேலென்று கரி. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை நான் செருகினேன். வேதியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் எனக்கு ஷெட்டில் அதுதான் பொறுப்பு. எரிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அந்தக் கூட்டலும் குறைத்தலும் திரையில் பிளஸ், மைனஸ் சதவீதமாக வரும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் கலவை சரி. மைனஸில் ஆழமாக இறங்கினால், தேவைக்கு மேல் பெட்ரோல் வருகிறது, கம்ப்யூட்டர் அதைக் குறைக்கப் படாதபாடு படுகிறது என்று அர்த்தம்.

திரையில் மைனஸ் ஒன்று.

“என்ன விஞ்ஞானி, என்ன சொல்லுது?”

“நல்லா இருக்குன்னு சொல்லுது அண்ணி.”

“அப்ப கரி எங்கேருந்து வந்துச்சு? ரெண்டுல ஒண்ணு புளுகுது.”

இன்ஜினைச் சூடேற்றிப் பார்த்தோம். ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தோம். எண் அசையவில்லை. அண்ணி ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாள். அதுவும் சுத்தம்.

வெயிலில் திரை தெரியவில்லை. ஸ்கேனரோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எண் சரசரவென்று இறங்கி மைனஸ் பதினெட்டில் நின்றது.

அண்ணியைக் கூப்பிட எழுந்து இறங்கினேன். மைனஸ் ஒன்று.

மறுபடி உட்கார்ந்தேன். பதினெட்டு. எழுந்தேன். ஒன்று. அண்ணியைக் கூப்பிட மறந்து, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன்.

“என்னம்மா, சீட்டுல ஆணி கீணி இருக்கா?” என்றார் டிரைவர்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. “அண்ணி,” என்றேன் மெதுவாக, “நான் உக்காந்தா பெட்ரோல் கூடுது.”

“நீ இருக்கிற ஒல்லிக்கா?” என்று சிரித்த அண்ணி, சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். “இறங்கு. சீட்டைத் தூக்கு.”

சீட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தகரமூடி. அதற்குக் கீழே டாங்க்கும் பம்ப்பும். இன்ஜினுக்குப் போய் மிஞ்சிய பெட்ரோல் டாங்க்குக்குத் திரும்பி வரும் ரப்பர் ஹோஸும் அங்கேதான். பழைய ஹோஸ் வெடித்திருந்ததால், பம்ப் மாற்றும்போது அண்ணி புதிதாக வெட்டிப் போட்டிருந்தாள். அது நாலு விரல் நீளம் கூடுதலாக இருந்தது. வளைந்து மூடியை முட்டிக்கொண்டு நின்றது. நான் மூடியை வைத்து அழுத்தினேன். ஹோஸ் மடங்கியது. திரும்ப வழியில்லாத பெட்ரோல் அழுத்தம் ஏறி இன்ஜினுக்குள்தான் பாயும்.

ஷெட்டில் வண்டி நின்றபோது பின்னால் யாரும் இல்லை. ரோட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள்.

“தையலுக்கு விட்டுட்டேன்டி,” என்றாள் அண்ணி என்னிடம் மட்டும். “பின்னாடி பிரிச்சுப் பெருசாக்க ஓரத்துல துணி விடுவோம்ல. கை தானா விட்டிருக்கு.”

“என்னம்மா குசுகுசுன்னு?” டிரைவர் ஸ்டூலிலிருந்தே கேட்டார். “பம்ப் மட்டமான சரக்கா? அப்படின்னா கடைக்காரனைப் போய்ப் பிடிக்கிறேன்.”

அண்ணி அவரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

“இல்லண்ணே. பம்ப் நல்ல பம்ப்தான். தப்பு என்னுது. வந்து பாருங்க.”

அவர் வந்து குனிந்தார். அண்ணி ஹோஸை மடக்கிக் காட்டினாள், நிமிர்த்திக் காட்டினாள். அவர் தானும் ஒருமுறை மடக்கிப் பார்த்தார்.

அண்ணி இன்ஜினை அணைத்து, ஹோஸை அளவாக வெட்டிப் பொருத்தி, சீட்டைப் போட்டாள். “பின்னாடி ஏறுங்கண்ணே. நான் ஓட்டுறேன்.”

“என் வண்டியில நான் பின்னாடியா?”

முனகிக்கொண்டே ஏறினார். சீட் நன்றாகவே அமுங்கியது. நான் பக்கத்தில் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டேன். மைனஸ் இரண்டு.

“ரெண்டுன்னா நல்லதா?”

“நல்லது.”

இரண்டு முறை குதித்துப் பார்த்தார். இரண்டு, இரண்டேதான். வண்டி தெருவுக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

“ஸ்டாண்டு பக்கமா விடும்மா,” என்றார் அண்ணியிடம். பிறகு ஸ்கேனரைத் தன் பக்கம் திருப்பினார். “இப்ப பிளஸ் ஒண்ணு காட்டுதே, அது ஏன்?”