காலுக்குப் போடுவது

முழங்கால் அறுவைக்குப் பிறகு அத்தான் தினமும் தெருமுனை வரை நடக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தானோ வாசற்படியைத் தாண்டவில்லை. கட்டுப் போட்ட காலில் பேண்ட் ஏறாது. ஏறியதெல்லாம் அக்கா கடையில் வாங்கி வந்த கோடு போட்ட பைஜாமாதான். ஊருக்கெல்லாம் பேண்ட் தைத்துக் கொடுப்பவர் அவர்.

“தூங்குற துணியோட தெருவுல போனா, எவன் எங்கிட்ட அளவு குடுப்பான்?” என்றார்.

“கால் மடங்காமப் போனா மிஷினை யாரு மிதிப்பா, நானா?” என்றாள் அக்கா. அதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு எதையும் முறையாகப் பார்த்துவிட வேண்டும். அகராதியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அத்தான், பைஜாமாங்கிறது பாரசீகத்துலேர்ந்து வந்த சொல்லு. ‘பாய்’னா...”

“படுக்கிறது. அதைத்தானடா நானும் சொல்றேன்!”

“அது நம்ம பாய். அங்க அதுக்குக் கால்னு அர்த்தம். ஜாமான்னா உடுப்பு. காலுக்குப் போடுறது, அவ்வளவுதான். தூக்கங்கிற பேச்சே அதுல இல்ல. பகல்ல போட்டுக்கிட்டு வெளிய போய் வந்தவங்களோட துணி அது. படுக்கையறைக்குக் கொண்டுபோனவங்க பின்னால வந்த வெள்ளைக்காரங்க.”

அவர் தொடைமேல் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். வெறும் வெட்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் போட்டிருக்கும் வரை அவர் தையல்காரர் இல்லை, நோயாளி.

“அப்போ நான் தைக்கிறதும் இதுவும் ஒரே வகையறா,” என்றார் கடைசியில். “அப்படின்னா இதைத் தைச்சவனை உதைக்கணும். கீழ்மடிப்பைப் பாரு, பாம்பு ஊர்ந்த மாதிரி. ஊசியை எடு.”

அக்காவிடம் இருந்த மாற்றுப் பைஜாமாவைக் கேட்டு வாங்கி, மடிப்பைப் பிரித்துக் கையாலேயே தைத்தார். பக்கவாட்டில் ஒரு பாக்கெட் வைத்தார். அக்கா இஸ்திரி போட்டுத் தந்ததும், கத்திபோல் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்டிக்கொண்டார். சட்டையை உள்ளே விட்டு, ஊன்றுகோலோடு படியிறங்கினார்.

தெருமுனை சலூன்காரர், “என்னண்ணே, தூக்கத்துல நடக்குறீங்களா?” என்றார்.

“இதுக்கு அர்த்தம் தெரியுமாய்யா உனக்கு?” என்று நின்ற இடத்திலேயே பாரசீகத்திலிருந்து ஆரம்பித்தார். மருந்துக் கடைக்காரரிடமும் சொல்லியாக வேண்டும் என்று அடுத்த தெருவுக்கும் போனார். மடக்கு நாற்காலியோடு நான் பின்னாலேயே ஓடினேன்.

வீடு திரும்பியபோது முகமெல்லாம் வலி, வியர்வை.

“கொஞ்ச நேரம் படுங்களேன்,” என்றாள் அக்கா.

“இதோடயா? வெளிய போட்டுட்டு வந்த துணி இது. முதல்ல தூங்குறதுக்கு வேற ஏதாவது குடு.”