பெயருக்குத்தான் ரப்பர்

என் கடைப் பலகையில் 'ரப்பர் படகு பழுது பார்க்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான். இந்தக் காற்றுப் படகுகளில் ரப்பர் பொட்டுக்கூடக் கிடையாது, அத்தனையும் பி.வி.சி. ஆனால் எல்லோரும் ரப்பர் படகு என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல் எனக்கு வேட்டு வைக்கும் என்று அப்போது யார் கண்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கச்சியும் மாப்பிள்ளையும் தங்கள் படகைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஏரியில் மிதக்கும் கூண்டுகளில் அவர்கள் மீன் வளர்க்கிறார்கள். தினமும் இரண்டு வேளை படகில் போய்த் தீனி போட வேண்டும். திரும்பி வரும்போது இடது பக்கம் லேசாகத் தொய்ந்துவிடுகிறதாம்.

"ஓட்டையை நானே போன மாசம் ஒட்டிட்டேன் மச்சான். இது வேற எங்கயோ போகுது" என்றார் மாப்பிள்ளை.

காற்றடித்து, சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவிக்கொண்டே வந்தேன். வேறு எங்கேயும் போகவில்லை. அவர் போட்ட ஒட்டின் ஓரத்தில்தான் நுரை பொடிப்பொடியாகக் கிளம்பியது. சைக்கிள் ட்யூபுக்குப் போடும் சொல்யூஷனை வைத்து ஒட்டியிருக்கிறார். ரப்பர் படகுக்கு ரப்பர் பசை, அவ்வளவுதானே என்று நினைத்திருப்பார். பி.வி.சி.யில் அது பிடித்த மாதிரி நடிக்கும், வெயில் ஏறினால் கைவிட்டுவிடும்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மூன்று வருஷத்துக்கு முன், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டுக் கயிற்றில் அவர் போட்ட முடிச்சு நிற்காது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பின் எட்டு மாதம் தங்கச்சி என் வாசலை மிதிக்கவில்லை. அவர் மிதிக்க விடவில்லை. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

அதனால் ஈரத்துணியால் நுரையைத் துடைத்துவிட்டு, வால்வில்தான் கோளாறு என்றேன். படகை விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலை மறைந்ததும் ஒட்டைப் பிய்த்துவிட்டுச் சரியான பசையில் ஒட்டிவிடலாம், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

வால்வு மாற்றப் பத்து நிமிஷம்தானே, இருந்தே வாங்கிக்கொண்டு போகிறோம் என்றுவிட்டார் மாப்பிள்ளை. சாயங்காலத் தீனி தவறக் கூடாதாம். அதற்குள் அவருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே தெருவுக்குப் போனார்.

நன்றாக இருந்த வால்வைக் கழற்றி வேறொன்றை மாட்டினேன். என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. மாட்டிக்கொண்டே தங்கச்சியிடம், உண்மையில் எவ்வளவு காற்று இறங்குகிறது என்று கேட்டேன். அவள் தெருப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நான் போய் அடிச்சு வச்சிடுவேண்ணே. கூண்டுகிட்டப் போனதும் இன்னொரு தடவை அடிப்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பித் தீனி போட்டுக்கிட்டு இருப்பாரு, மோட்டார் சத்தத்துல கேக்காது."

"நடுத் தண்ணியிலயா?"

"கைப்பம்பு என் சீட்டுக்கு அடியிலயே இருக்கு. தான் போட்ட ஒட்டு நிக்குதுன்னு அவர் சந்தோஷமா இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்."

அவளுக்கு நீச்சல் தெரியாது. லேசான தொய்வு என்று மாப்பிள்ளை சொன்னது, இவள் இரண்டு தடவை காற்றடித்ததற்குப் பிறகும் மிஞ்சிய தொய்வு. அவர் மனம் கோணக் கூடாதென்று நான் ஒரு பக்கம் பூசி மெழுக, இவள் ஒரு பக்கம் தண்ணீரில் உட்கார்ந்து பம்பு அடித்திருக்கிறாள்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். அவர் கண்ணெதிரிலேயே ஒட்டின் மூலையில் நகத்தை வைத்து இழுத்தேன். வெங்காயத் தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்தது. புஸ்ஸென்று காற்று போக ஆரம்பித்தது.

"இந்தப் பசை இதுல நிக்காது மாப்ள. வால்வுன்னு நான் சொன்னது பொய். நாளைக்குத்தான் படகு தருவேன்."

பலகையைக் காட்டி, ரப்பர் என்று எழுதி வைத்த என் மேல்தான் தப்பு என்று சிரித்தும் பார்த்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை. மாப்பிள்ளையின் முகம் கறுத்துப் போயிற்று.

"என்னைத் தெருவுல நிக்க வச்சிட்டு, அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிவு பண்ணிட்டீங்க" என்றார். அவளைப் பார்த்து "வா" என்றார். தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு நின்றவள், வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போனாள். வண்டி காலியாகப் போயிற்று.

அன்றைக்கே அந்த இடத்தைத் தேய்த்துத் துடைத்து, இரண்டு முறை பசை பூசி, உருளையால் அழுத்தி ஒட்டினேன். ஒரு நாள் காயவிட்டுக் காற்றடித்தேன். பதினொரு நாளாகிறது. பக்கத்துக் கூண்டுக்காரரின் மரப்படகில்தான் அவர்கள் போய்வருகிறார்களாம். போன் பண்ணினால் தங்கச்சி எடுப்பதில்லை. பேசாவிட்டால் போகட்டும், அவள் நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ள முடிகிறதே தவிர, மனசு கேட்கவில்லை.

தினமும் கடையைத் திறந்ததும் படகின் இடது பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். அடித்த காற்று அடித்தபடி அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகத்தான் யாரும் வரவில்லை.