பூசணத்தை வழியனுப்பியது

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் குணவதி வீட்டுக் குளியலறைப் பூசணம் லிஃப்டில்தான் போகும், லிஃப்டில்தான் வரும். லிஃப்ட் கெட்டுப்போன வாரங்களில் படியேறி, கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். அவள் பிளீச் ஊற்றித் தேய்த்ததும் சுவர் இடுக்குகளிலிருந்து இறங்கி, வாசலில் ஒன்றுகூடி, ஆட்டுக்குட்டி உயரத்தில் கறுப்பாக நடந்து போகும். அடுத்த மழைக்குத் திரும்பிவிடும். பினாங்கில் அடுத்த மழை என்பது பெரும்பாலும் மறுநாள். அக்கம்பக்கத்தார் அதற்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொள்வார்கள். ஈரமாக இருக்கிறதே என்று சற்றுத் தள்ளி நிற்பார்கள், அவ்வளவுதான்.

அவள் கணவர் ஜெயராஜுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பகலெல்லாம் வீட்டில் இருக்கத் தொடங்கியதும் மூச்சு இழுத்தது. காற்றாடி மாட்டினார்கள், சாயம் அடித்தார்கள், வினிகர் தெளித்தார்கள். ஒரு தீபாவளி கழிந்ததும், "அது இருக்கட்டும், நான் கிளம்பறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த தீபாவளியும் அங்கேயே கழிந்தது. "நெஞ்சு லேசா இருக்கு குணா," என்று ஒருநாள் போனில் சொன்னார். "இங்கேயே இருந்துடலாம்னு பார்க்கறேன்."

போனை வைத்துவிட்டுக் குணவதி தேய்த்த தேய்ப்பில் பிரஷ் முடி கொட்டியது. பூசணம் வழக்கம்போல வாசலுக்கு வந்தது. அவளும் வழக்கம்போல, "சரி, போயிட்டு வா," என்றாள். எதிர்வீட்டுக் காமாரியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லிட்டில் இந்தியாவில் புடவைக் கடையில் நின்று தமிழ் கற்றுக்கொண்ட மலாய்க்காரி.

"அக்கா, நீங்கதானே வரச் சொல்றீங்க! பிறகு வருதேன்னு திட்டுறீங்க. வரும்தான் லா."

"யாரையும் அப்படித்தானேடி அனுப்புவோம்?"

"நான் ஒவ்வொரு வார்த்தையா கேட்டுத் தமிழ் படிச்சேன். அதுவும் அப்படித்தான் போல."

வாசலில் நின்று யாரையும் வெறுமனே போ என்று குணவதி சொன்னதில்லை. கடன் கேட்டு வந்தவர்களையும் அப்படி அனுப்பியதில்லை. முதலில் "கிளம்பு" என்று சொல்லிப் பார்த்தாள்; அது கிளம்பி, காமாரியாவின் கால்மிதியில் உட்கார்ந்தது. "பார்க்கலாம்" என்றாள், மறுநாள் பார்க்க வந்தது. அதற்கு மேல் அவளுக்கு நாக்கு புரளவில்லை. கடைசியில் காமாரியா லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்க, குணவதி கண்ணை மூடிக்கொண்டு, "போ," என்றாள். "திரும்பி வராதே." சொல்லிவிட்டு அழுதாள். பூசணம் சற்று நின்றது. பிறகு லிஃப்டில் ஏறியது.

மழை பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. சுவர் வெள்ளையாகவே இருந்தது. செய்தி கேட்டு ஜெயராஜ் ஃபெர்ரி பிடித்து வந்தார். செருப்பைக் கழற்றிய கையோடு குளியலறைக்குள் போய், மூலையில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குளித்தார். பாட்டும் பாடினார். தலை துவட்டியபடி வெளியே வந்தவர், "வர்ற வழியில பட்டர்வொர்த் ஸ்டேஷன்ல அதைப் பார்த்தேன்," என்றார். "இன்னும் ரயிலுக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு."

குணவதிக்கு உயிரே போய்விட்டது. "ஏதாவது சொன்னீங்களா?"

"சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்துடுச்சு. சும்மா தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"அப்பாடா" என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள். வடக்கே போகும் ரயிலில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. அதற்கு உட்கார இடம் கிடைத்திருக்கும்.