கவர் பிரிக்காத விளக்கு

காலையிலிருந்தே முகிலனுக்கு வேலையில் கை ஓடவில்லை. லாஸ்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் புதுக் கிளினிக்குக்கு அலுமினியத் தடுப்பு போடுகிறான். அளந்த இடத்தையே மறுபடி அளக்கிறான், ஸ்குரூவைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறான், ஐந்து நிமிடத்துக்கொரு தரம் போனை எடுத்துப் பார்க்கிறான். நெல்லித்தோப்பில் பூட்டிக் கிடக்கிற தன் வீட்டிலிருந்து யார் கூப்பிடப்போகிறார்கள்?

"இன்னாண்ணே, வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லியா?" என்றான் கூட வேலை செய்யும் செம்மல்.

"மீன் முட்ட போட்டிருக்குடா."

செம்மல் வாய்விட்டுச் சிரித்தான். முகிலன் முறைத்த முறைப்பில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு டிரில்லிங் மெஷினை எடுத்தான்.

சிரிக்கிறவன் சிரிக்கட்டும். முகிலனின் மனைவி தனக்கொடி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே ஊராருக்குப் புடவை விரித்துக் காட்டுகிறவள். வீட்டுக்கு வந்தால் அவள் உட்காரும் இடம் ஒன்றே ஒன்றுதான். மாடிப்படிக்கு அடியில், இருட்டு மூலையில் இருக்கும் சின்ன மீன் தொட்டிக்கு முன்னால். அதில் ஒரு ஜோடி ஃபைட்டர் மீன் வளர்த்தாள். ஆண் மீன் தண்ணீர் மேல் நுரையால் கூடு கட்டும். பெண் போட்ட முட்டைகளை அந்த நுரையில் ஒட்டவைத்துவிட்டு இரண்டு நாள் காவல் காக்கும். கீழே விழும் முட்டையை வாயால் கவ்விக் கொண்டுபோய்த் திரும்ப வைக்கும். கண் தெரிந்தால்தானே கவ்வும்? அதனால் அந்த இரண்டு நாளும் ராப்பகலாக வெளிச்சம் வேண்டும்.

போன முறை முகிலன் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டான். தண்ணீர் சூடேறி முட்டையெல்லாம் வெளுத்துப்போனது. "முட்டைய அவிச்சிட்டியே மாமா" என்றாள் தனக்கொடி. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. அதோடு எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

இந்த முறை விடுவானா? எல்.இ.டி.யில் சூடு பின்பக்கம் இறங்கும், அதை நல்ல உலோகத்தில் ஒட்டிவிட்டால் உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் சொல்லி, அதற்கென்றே ஒரு பசையும் கொடுத்தார். உலோகமா? அலுமினியம்தானே முகிலனின் பிழைப்பு! இருப்பதிலேயே புதிய, கீறல் விழாத ஒரு துண்டை எடுத்து, நாலு எல்.இ.டி. ஒட்டித் தொட்டியின் மேல் குறுக்கே வைத்தான்.

காலையில் தனக்கொடி கிளம்பும்போது, "சூடாவாதில்ல?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து அலுமினியத்தின் மேல் வைத்து, "பாரு, சில்லுனு கீது" என்றான். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். அவள் போன பிறகு எதற்கோ ஒரு எல்.இ.டி.யின் ஓரத்தைத் தொட்டான். விரல் நுனி பொசுங்கிவிட்டது.

அதுதான் அவனைக் குடைந்தது. உலோகம் சில்லென்று இருக்கிறது, அதில் ஒட்டியிருப்பது சுடுகிறது. இது எந்த ஊர் நியாயம்? வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று கிளம்பி வந்துவிட்டான். அணைத்தால் இருட்டு, அணைக்காவிட்டால் சூடு. அவளிடம் சொல்லலாமென்றால் கடைக்குள் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். விரல் கொப்புளம் போட்டு, டிரில்லிங் மெஷினைப் பிடிக்கும்போதெல்லாம் அவளிடம் சொன்னது பொய்யாகிப்போனதை ஞாபகப்படுத்தியது.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தார். சுற்றிப் பார்த்து, "நல்லா இருக்கு. இந்த பிளாஸ்டிக் கவரெல்லாம் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"ஒப்படைக்கிற அன்னிக்குதாம்மா பிரிப்போம். அதுவரைக்கும் கீறல் படக்கூடாதுல்ல" என்று சொல்லியபடியே, மாதிரி காட்ட, அலுமினியச் சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளின் நுனியைப் பிடித்து இழுத்தான் முகிலன். சர்ரென்று உரிந்து வந்தது. உரித்ததைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

வீட்டில் வைத்த அலுமினியத்தில் கவர் அப்படியே இருக்கிறது. அதன் மேல்தான் எல்.இ.டி.யை ஒட்டியிருக்கிறான்! சூடு உலோகத்துக்கு எப்படிப் போகும்? பதினெட்டு வருடப் பழக்கம். ஒப்படைக்கும்வரை கவரைப் பிரிக்காத கை, கவர் இருப்பதையே மறந்துவிட்டது. அவன் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு, பீரோ, ஜன்னல் கம்பி எல்லாமே ஆறு வருடமாகக் கவரோடுதான் இருந்தன.

"செம்மலு, மிச்ச வேலைய நீ பாத்துக்க!" என்று கத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். இந்திரா காந்தி சிலை சிக்னலில் சிவப்பு விழுந்து, முன்னால் நின்ற பஸ்ஸை வாய்க்கு வந்தபடி திட்டினான். பஸ் என்ன செய்யும் பாவம்.

வீட்டைத் திறந்து பார்த்தால், கவரின் பசை இளகி ஒரு எல்.இ.டி. ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே நுரைக்கூடு பாதி உடைந்துபோயிருந்தது. நீல ஆண் மீன் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் விழுந்த முட்டைகளைக் கவ்வி, எதிர் மூலையில் புதிதாக ஊதிய நுரையில் வைத்துவிட்டு மறுபடி கீழே பாய்ந்தது. தன் தவறுக்கு அந்தச் சின்ன உயிர் மூச்சு வாங்குகிறதே என்று முகிலனுக்கு வெட்கமாக இருந்தது.

விளக்கை அணைத்தால்தான் பிரித்து ஒட்ட முடியும். போன் டார்ச்சைப் போட்டு, போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, தொட்டிக்கு மேல் குனிந்தபடி கவரை உரித்தான். அப்போதுதான் கதவு திறந்தது.

"மனசே கேக்கல, பர்மிஷன் போட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்த தனக்கொடி அவன் நின்ற கோலத்தைப் பார்த்தாள்.

முகிலன் போனை வாயிலிருந்து எடுத்தான். "காலையிலயே சுட்டுது தனம். சில்லுனு கீதுன்னு உங்கிட்ட சொன்னது பொய்." கொப்புளம் போட்ட விரலை நீட்டினான்.

அவள் விரலைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். போனைப் பிடுங்கித் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டாள். "பொய்க்கு அப்பறம் வெச்சிக்கிறேன். மொதல்ல ஒட்டு."

வெறும் உலோகத்தில் ஒட்டி, பசை இறுகும்வரை அவள் கை மாற்றிக் கை மாற்றி வெளிச்சம் காட்டினாள். விளக்கைப் போட்ட அரைமணியில் அலுமினியத்தைத் தொட்டுப் பார்த்துப் பதறினாள். "மாமா, இது சுடுது!"

"இதுதான் சுடணும். இது சுட்டாதான் அது சுடாது" என்று எல்.இ.டி.யின் ஓரத்தில் மற்றொரு விரலை வைத்தான். எடுக்கவே இல்லை. அவள் மனசுக்குள் இருபது எண்ணிய பிறகுதான் நம்பினாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் கூப்பிட்ட குரலில் முகிலன் பாயிலிருந்து எழுந்து ஓடினான். மூலை நுரையில் மயிரிழை மாதிரி குஞ்சுகளின் வால்கள் தொங்கின. பாதிதான் மிஞ்சியிருந்தது. ஆனால் அந்தப் பாதி துடித்துக்கொண்டிருந்தது. தனக்கொடி அழுதாள், சிரித்தாள், பிறகு காபி போடுகிறேன் என்று சமையற்கட்டுக்குப் போனாள்.

அங்கிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

"ஏய்! ஃபிரிட்ஜ் புதுசுடி!" என்று அலறிக்கொண்டு போனான் முகிலன்.

"ஆறு வருசம் ஆவுது மாமா. இன்னும் யாருக்கு ஒப்படைக்கப் போற?"

முகிலன் குனிந்தான். கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த கவரின் நுனியைக் கொப்புளம் இல்லாத விரலால் நெம்பி, அவளோடு சேர்ந்து இழுத்தான்.