கீழக்கரிசல் ஆன வேம்பூர்க் குட்டி

மகாராஜபுரத்தில் வெள்ளைத்தாயின் கிடையில் ஆட்டுக்குட்டி பிறந்தால், ஊர்க்காரர்கள் முதலில் தங்கள் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அவளுடையவை வேம்பூர் ஆடுகள்; கம்பளி இல்லாத குட்டைமுடி, வெள்ளை உடம்பில் செம்பொட்டுகள். ஒன்றின் பொட்டு இன்னொன்றுக்கு வராது என்பதால் அடையாளத்துக்கு அவள் காது வெட்டுவதில்லை. எப்போதாவது ஒரு குட்டி, ஊரில் யாரோ ஒருவருடைய மச்சத்தையோ தழும்பையோ பொட்டாக வாங்கிக்கொண்டு பிறக்கும். அந்த வாரமே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வருவார். அவரைக் கண்டால் அவளுடைய ராஜபாளையம் நாய் குரைக்காது; நின்ற ஆடுகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். குட்டியைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். மச்சக்காரர் மறுநாள் இருக்கமாட்டார். இருளம்மாள் அப்படித்தான் போனாள். தன் மச்சத்தோடு பிறந்த குட்டியை முந்திக்கொண்டு வாங்கி அறுத்த வேல்சாமி, கறி வேகும் முன்பே போனார். அதன் பிறகு யாரும் அந்த வேலைக்குத் துணியவில்லை.

ஓர் ஐப்பசி மழையில் பிறந்த பெட்டைக்குட்டிக்கு வலது காதுக்குக் கீழே பிறை வடிவில் செம்பொட்டு. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மகள் சிவரஞ்சனிக்கும் அதே இடத்தில் அதே பிறை. வெள்ளைத்தாய்க்கு அவள் ஒற்றைப் பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப்போய்த் தலைக்குப் பூசும் டை வாங்கி வந்தாள். ஆட்டின் இனத்தை நிறம் பார்த்துத்தான் எவரும் சொல்வார்கள்; அந்த வேட்டிக்காரர் மட்டும் வேறு எதைப் பார்த்துவிடப் போகிறார் என்று நினைத்தாள். உடம்பெல்லாம் அடர்பழுப்பு, வயிறும் காலும் கறுப்பு, முகத்தில் இரண்டு கறுப்புக் கோடு. சாயங்காலத்துக்குள் குட்டி அசல் கீழக்கரிசல் இனமாக நின்றது. ஊரே தாய் ஆட்டின் ஒழுக்கத்தைக் கேலி பேசியது.

அவர் வந்தார். ஆடுகள் படுத்தன. குட்டியைத் தூக்கி வயிற்றைத் திருப்பிப் பார்த்தார்.

“வேம்பூர்க் கெடையில கீழக்கரிசலா?”

“கெடா மாறிருச்சு, அண்ணாச்சி.”

“அப்பம் இது நான் தேடி வந்ததில்ல. ஆனா முடி வளரும் தாயி. பொறவு வாரேன்.”

அன்றிலிருந்து மாதம் தவறாமல் டை பூசினாள். வருடங்கள் ஓடின. செம்மறி அவ்வளவு காலம் தாங்காது; இது தாங்கியது. பல் விழுந்த பின் கஞ்சி குடித்து உயிரோடு இருந்தது. சிவரஞ்சனி படித்து முடித்து, ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய், கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்றாள். வெள்ளை வேட்டிக்காரரும் அவ்வப்போது வந்து பார்த்துப் போனார். அவருக்கு மட்டும் வயது கூடவில்லை.

போன மார்கழியில் வெள்ளைத்தாய்க்குக் கை நடுங்கத் தொடங்கியது. டை பொட்டில் படாமல் வழிந்தது. பொங்கலுக்கு வந்திருந்த மகள் பிரஷ்ஷை வாங்கி, ஆட்டின் காதோர முடியை விலக்கினாள். பிறையைப் பார்த்தாள். தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“எம்புட்டு வருசமா யம்மா?”

“சொல்லி என்னட்டி ஆவப்போவுது? காயுறதுக்குள்ள பூசு.”

சிவரஞ்சனி அழுதாள். அழுதுகொண்டே பூசினாள்.

இப்போது மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் ராஜபாளையத்திலிருந்து வருகிறாள். ஆடுகள் படுத்தால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கிறாள். அவர் குடித்துவிட்டு, இன்னும் கீழக்கரிசல்தான் போலிருக்கிறது என்கிறார். ஆமாம், கீழக்கரிசல்தான் என்கிறாள் அவளும்.